கோரையும் ஓலையும் காத்த கணக்கு

சென்ற ஆண்டு நம் கடைக் கணக்கைச் சரிபார்க்க வந்த ஆடிட்டர், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கொள்முதல் பில்களைக் கேட்டார். பில்கள் தொலையவில்லை. மாதவாரியாகக் கட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பரண் மேல் பத்திரமாகத்தான் வைத்திருந்தோம். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். சரக்கின் பெயர் இல்லை, எடை இல்லை, வரி எண்ணும் இல்லை. சரக்கு கொடுத்த மொத்த வியாபாரியிடம் போய் நின்று, நகல் வாங்கி வந்து ஒருவாறு கணக்கை முடித்தோம்.

மூன்று ஆண்டுக் கணக்கு நம் பரணில் அழிந்துபோயிற்று. ஆனால் 4,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில் எழுதிய சரக்குக் கணக்கை இன்றும் வரி வரியாகப் படிக்க முடிகிறது. இது எப்படி என்று தெரிந்துகொள்ள முற்பட்டபோது, எகிப்தில் தொடங்கி நம் அரிக்கமேட்டுக்கும், ரங்கப்பிள்ளை வீதிக்கும் வந்து சேர்ந்தோம். வணிகப் பெருமக்களுக்குப் பயன்படும் என்று கருதி அதை இங்கே எழுதுகிறோம்.

எகிப்தின் கோரை

நைல் நதியின் சதுப்பு நிலங்களில் பாப்பிரஸ் என்ற செடி வளர்ந்தது. நம்மூரில் பாய் நெய்யும் கோரையின் இனம்தான் இது. ஆனால் ஆள் உயரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வளரும். தண்டு முப்பட்டையாக இருக்கும். எகிப்தியர் இந்தத் தண்டின் பச்சைத் தோலைச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் வெண்மையான சோற்றை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாக அறுத்தனர். பட்டைகளை ஈரத்தோடு நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் குறுக்குவாட்டில் இன்னொரு வரிசை அடுக்கினர். பாயில் பாவும் ஊடும் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே பின்னல் கிடையாது. பிறகு தட்டி, அழுத்தி, காய வைத்தனர். செடியின் சாறே இரு வரிசைகளையும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த தாளைக் கல்லாலோ சிப்பியாலோ தேய்த்து வழவழப்பாக்கினால் எழுதத் தயார்.

தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளாக விற்றனர். ஒரு சுருளுக்கு 20 தாள் என்பது வழக்கம். ஒட்டுவதற்குச் சாதாரண மாவுப் பசைதான். கொதிநீரில் மாவைக் கலந்து சிறிது காடியும் சேர்ப்பர் என்று, கி.பி. 79-ல் இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்துள்ளார். விளக்குக் கரியும் பிசினும் சேர்த்தால் கறுப்பு மை; காவிக்கல்லை அரைத்தால் சிவப்பு மை. தலைப்பையும் முக்கிய இனங்களையும் சிவப்பில் எழுதும் வழக்கம் அப்போதே இருந்தது.

அரிசியில் முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று நாம் பிரிப்பதுபோல பாப்பிரஸிலும் பல ரகங்கள் இருந்தன. மிக உயர்ந்த ரகத்துக்கு ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் பெயர். கடைசி ரகத்துக்கு வணிகர்களின் பெயர்! அது எழுத உதவாது. சரக்கைச் சுற்றிக் கட்டவே பயன்படும், ஆகையால் வணிகர் தாள் என்று பெயர் பெற்றது என்கிறார் பிளினி. ஆக, பொட்டலக் காகிதம் நம் தலைமுறையில் வந்ததல்ல. ரோமக் கவிஞர் ஹோரேஸ், தம்மைப் பற்றிப் பிறர் எழுதும் மட்டமான கவிதையின் தாள்கள் ஒருநாள் சாம்பிராணியும் மிளகும் விற்கும் கடைத்தெருவில் பொட்டலம் கட்டப் போய்விடுமே என்று கவலைப்பட்டிருக்கிறார். அந்தப் பொட்டலத்துக்குள் இருந்த மிளகு நம் தென்னாட்டு மிளகு.

பழைய எழுத்து சரக்குக் கணக்கே

எழுதப்படாத வெற்றுச் சுருள் ஒன்று சுமார் 5,000 ஆண்டுப் பழைய எகிப்தியக் கல்லறையில் கிடைத்திருக்கிறது. எழுதப்பட்ட பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை 2013-ல் கண்டெடுக்கப்பட்டன. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ப் என்ற பழைய துறைமுகத்தில், பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் தலைமையிலான குழு இவற்றைக் கண்டது. பெரிய பிரமிடைக் கட்டிய கூபு மன்னர் காலத்தவை.

அவற்றில் என்ன எழுதியிருக்கிறது? மன்னர் புகழ் என்று நினைப்போம். இல்லை. மேரர் என்ற மேற்பார்வையாளர், தம் ஆட்களைக் கொண்டு துரா என்ற இடத்துக் குவாரியிலிருந்து சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றிப் பிரமிடு வேலைக்குக் கொண்டுசென்றதை நாள்வாரியாக எழுதிய குறிப்பு அதில் உள்ளது. அதனுடன் ஆட்களுக்கு வந்த உணவுப் பொருள்களின் கணக்கும் இருக்கிறது. வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். நம் கடைச் சிட்டையைப் பார்ப்பது போலவே இருக்கும்.

நம் கடற்கரையைத் தொட்ட ஒப்பந்தம்

பாப்பிரஸுக்கும் தமிழ்நாட்டுச் சரக்குக்கும் நேரடி உறவு காட்டும் ஆவணம் ஒன்றும் உண்டு. அறிஞர்கள் அதை முசிறி பாப்பிரஸ் என்கிறார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1985-ல் அச்சில் வெளியானது. இப்போது வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது.

அதன் ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள். முசிறிக்குப் போய் வரும் வியாபாரத்துக்காகக் கடன் வாங்கிய வணிகர், செங்கடல் துறைமுகத்தில் இறக்கும் சரக்கை ஒட்டகத்தில் கொப்தோஸ் நகரத்துக்கும், அங்கிருந்து நைல் நதி வழியே அலெக்சாந்திரியாவுக்கும் முத்திரையோடு அனுப்ப வேண்டும். கடனைத் திருப்பாவிட்டால் கடன் கொடுத்தவர் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். மறுபக்கத்தில் ஹெர்மப்போலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் எடையும் மதிப்பும். யானைத் தந்தமும், கங்கைப் பகுதியின் சடாமாஞ்சில் வாசனைச் சரக்கும் அந்தப் பட்டியலில் உள்ளன. சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயம். இறக்குமதிச் சுங்கம் நான்கில் ஒரு பங்கு! இன்றைய வரியைக் கண்டு மலைக்கும் நாம், அந்த வணிகரையும் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

முசிறி மேற்குக் கரையில் இருந்தது. கிழக்குக் கரையில் அதே வாணிபத்தைச் செய்த இடம் நம் அரிக்கமேடு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல் வழிக் குறிப்பு நூலான பெரிப்ளஸ், பொதுகே என்ற துறைமுகத்தைச் சொல்கிறது. அரிக்கமேடே அது என்று அறிஞர்கள் பலரும் கொள்கிறார்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலரும், பின்னர் 1947 முதல் 1950 வரை காஸாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழாய்வு செய்தனர். ரோமானிய மது ஜாடிகளும் பாண்டங்களும் கிடைத்தன. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் கிடைத்தன.

எதிர்க்கரையில், எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், இந்தியாவில் செய்த ஒரு பெரிய ஜாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. குஸைர் அல்-கதீம் என்ற இன்னொரு துறைமுகத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகள் கிடைத்தன. நம் வணிகர் அங்கே போயிருக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எகிப்து வணிகர் எழுதிய ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. அதே சரக்கை விற்ற நம் வணிகர் எழுதிய கணக்கு எங்கே? அவருக்கும் கணக்கு இருந்திருக்க வேண்டும். பானையில் பெயர் எழுதியவர், பாக்கியை எழுதாமல் விட்டிருப்பாரா? ஆனால் அரிக்கமேட்டில் கிடைத்த எழுத்தெல்லாம் சுட்ட மண்ணில் இருப்பவைதாம். மட்கக் கூடிய பொருளில் எழுதியது ஒன்றும் எஞ்சவில்லை. அதற்குக் காரணம் தெரிய, நம்மவர் எழுதிய பொருளைப் பார்க்க வேண்டும்.

ஓலை பதமாகும் விதம்

எகிப்துக்குக் கோரை எப்படியோ, நமக்குப் பனை அப்படி. எழுதுவதற்குப் பனையோலையும், அதைவிட அகலமும் மென்மையும் உள்ள தாளிப்பனை ஓலையும் பயன்பட்டன. முற்றிய ஓலை உடையும். பிஞ்சு ஓலை சுருங்கும். ஆகையால் நடுத்தரப் பருவத்து ஓலையை வெட்டி, ஈர்க்கை நீக்கி, நிழலில் உலர்த்துவர். பிறகு நீரில் வேக வைப்பர். மஞ்சள் சேர்ப்பதும் உண்டு. மீண்டும் உலர்த்தி, சங்காலோ கல்லாலோ தேய்த்து மெருகேற்றி, ஒரே அளவாக நறுக்குவர். துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச் சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி.

பாப்பிரஸில் மை தொட்டு எழுதினார்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறினார்கள். ஒரு முனையில் எழுத்தாணியும் மறு முனையில் கத்தியுமாக மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளும் மடக்கெழுத்தாணியும் இருந்தது. கீறிய எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக் கரியையோ வசம்பைச் சுட்ட கரியையோ எண்ணெயில் அல்லது இலைச் சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் கறுப்பு தங்கி எழுத்து தெளியும். மஞ்சளும் வசம்பும் பூச்சியை விரட்டும் என்பதும் அவற்றைச் சேர்த்ததற்குக் காரணம். அதாவது, சுவடியைக் காத்த மருந்தெல்லாம் மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் இன்றும் நாம் விற்கும் சரக்குகளே.

ஓலையில் புள்ளி வைத்தால் துளை விழும். ஆகையால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். கணக்கில் தமிழ் எண்களும், மா, காணி, முந்திரி என்ற பின்னக் குறிகளும் வழங்கின. மா என்றால் இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இத்தனை நுட்பமாக எழுதியவர்கள் கோயில் கணக்கரும், ஊர்க் கணக்குப்பிள்ளையும், வணிகருமே.

நம் கடையில் புழங்கும் சொல்லிலேயே அந்த ஓலை இருக்கிறது. ஏடு என்றால் எழுதிய ஓலை இதழ். பேரேடு, குறிப்பேடு என்று தாள் புத்தகத்தையும் நாம் ஏடு என்றே அழைக்கிறோம். கடல் கடந்து வந்த போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கூட நம் சொல்லையே எடுத்துக்கொண்டு ஓலா என்று எழுதினர்.

காற்றும் கரையானும்

எகிப்து பாப்பிரஸ் உயர்ந்த பொருள், நம் ஓலை தாழ்ந்த பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. பாப்பிரஸைக் காத்தது எகிப்தின் வறண்ட மணல். அதே எகிப்தில் நைல் கழிமுக ஈரத்தில் இருந்த பாப்பிரஸ்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. பாலைவன ஓரத்தில் புதைந்தவையே தப்பின. நம் நாட்டிலோ மழை, கடற்காற்று, கரையான், பூச்சி எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. நன்றாகப் பேணிய ஓலையும் இங்கே இருநூறு முந்நூறு ஆண்டு இருந்தால் பெரிது.

அப்படியானால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நூல்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன? ஓலை பழுதாகும் முன் இன்னொருவர் புது ஓலையில் படி எடுத்தார். அதுவும் பழுதானபோது வேறொருவர் எடுத்தார். வறண்ட மணல் எகிப்தில் இலவசமாகச் செய்ததை, இங்கே மனிதக் கை பாடுபட்டுச் செய்தது.

இதற்குச் சான்று நம் ஊரிலேயே உள்ளது. செயிண்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், ழான் பிலியோசா என்ற அறிஞரால் 1955-ல் தொடங்கப்பட்டது. அது தென்னாடெங்கும் கோயில்களிலும் குருக்கள் வீடுகளிலும் இருந்த சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டியது. இந்நிறுவனத்திலும் துய்மா வீதியிலுள்ள பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியிலுமாக உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகளை, 2005-ல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பழுதடையும் ஓலைகளைப் பார்த்துத் தாளிலும் நகல் எழுதி வைத்தார்கள். இப்போது கணினியிலும் படமாகச் சேமித்துள்ளார்கள். பழைய படி எடுக்கும் மரபுதான் இது. கருவி மட்டும் மாறியிருக்கிறது.

வழிபாட்டு நூலை மறுபடி எழுத ஆள் இருந்தார். வணிகரின் பற்று வரவை மறுபடி எழுத யாரும் இல்லை. கடன் தீர்ந்ததும் கணக்கு ஓலைக்கு வேலை முடிந்தது. அடுப்புக்கோ கரையானுக்கோ போயிற்று. அரிக்கமேட்டு வணிகரின் கணக்கு நமக்குக் கிடைக்காமல் போனதற்கு, நமக்குத் தெரிந்தவரை, இதுவே காரணமாக இருக்கும்.

ஒரு வணிகரின் குறிப்பேடு

விதிவிலக்கும் நம் ஊரிலேயே உண்டு. 1709-ல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு வணிகர். துணி வாணிபம் செய்தவர். 1747 முதல் துய்ப்ளெக்ஸிடம் தலைமைத் துபாஷியாக இருந்தார். அவர் 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி தொடங்கி 1761 சனவரியில் தாம் இறக்கும் தறுவாய் வரை, தாளில் கட்டிய கணக்குப் புத்தகங்களில் தமிழில் நாள்வாரியாக எழுதி வந்தார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாருக்கு என்ன வெகுமதி, ஊரில் என்ன பேச்சு என்பதெல்லாம் அதில் உண்டு.

அவர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846-ல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி அந்தப் புத்தகங்களைக் கண்டறிந்து படி எடுத்தார். அதன் பிறகே உலகுக்கு அது தெரிய வந்தது. 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளியாயிற்று. இடையிடையே சில பகுதிகள் கிடைக்காமலே போய்விட்டன. படி எடுக்காமல் விட்டிருந்தால், 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றித் தமிழர் ஒருவர் சொன்ன சாட்சி எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் ஒருவர் நாள்தோறும் எழுதிய குறிப்பு, இன்று நாட்டின் வரலாறாக மதிக்கப்படுகிறது.

நம் மேசை மேல் இருப்பது

இனி நம் பில்களுக்கு வருவோம். இன்று பெரும்பாலான கடைகளில் இருக்கும் சிறிய பில் இயந்திரத்துக்கு மையே கிடையாது. அந்தத் தாள் சுருளின் மேல் சூடு பட்டால் கறுக்கும் பூச்சு உள்ளது. இயந்திரம் சூட்டால் எழுத்தை எழுப்புகிறது. வெயில், வெப்பம், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை ஆகிய எல்லாமே அந்தப் பூச்சுக்குப் பகை. நல்லெண்ணெய் டின்னைத் தொட்ட கையோடு பில்லை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓட்டுக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் எழுத்து மறையாமல் என்ன செய்யும்? பாப்பிரஸ், ஓலை, இந்தச் சுருள் மூன்றையும் அடுக்கிப் பார்த்தால், மனிதன் கணக்கு எழுதிய பொருள்களில் ஆயுள் மிகக் குறைந்தது நம் கையில் இருப்பதுதான்.

சட்டமோ நீண்ட காலம் கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளையும் ஆவணங்களையும் காக்க வேண்டும். வழக்கு நடந்தால் அதற்கு மேலும் காக்க வேண்டும். எழுத்து மறைந்துவிட்டது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆகையால் நாம் சில பழக்கங்களை மேற்கொள்ள வேண்டும். பூச்சுத் தாளில் வரும் கொள்முதல் பில்லை, வந்த அன்றே சாதாரணத் தாளில் நகல் எடுத்து இரண்டையும் சேர்த்துப் பின் அடிக்க வேண்டும். கைபேசியில் படம் எடுத்தால் அதை இன்னோர் இடத்திலும் சேமிக்க வேண்டும். கைபேசியும் தொலையும், கணினியும் பழுதாகும். கையால் எழுதுவதாக இருந்தால், நல்ல தாளில் எழுத வேண்டும். மலிவான தாள் சில ஆண்டுகளில் பழுத்து உடையும். நம் ஊர் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959 முதல் நடத்தும் கைக்காகிதத் தொழிற்கூடத்தில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்கிறார்கள். பருத்தி நாரில் செய்த அத்தகைய தாள் நெடுநாள் உழைக்கும். தினசரிச் சிட்டைக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் பாகப் பத்திரம், பங்குதாரர் உடன்படிக்கை போன்றவற்றை நகல் எழுதி வைக்க ஏற்றது.

கட்டுகளைத் தரையில் வைக்கக் கூடாது. 2024 நவம்பர் 30 பெஞ்சல் புயலின்போது புதுவையில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், பல கடைகளில் தண்ணீர் புகுந்ததையும் நாம் மறக்கவில்லை. சரக்கு நனைந்தால் நஷ்டத்தோடு போகும். கணக்கு நனைந்தால், அந்த நஷ்டத்தைக் காட்டவும் சான்று இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தா காலத்துப் பேரேடுகள் சில கடைகளில் இன்னும் கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்து விலைவாசி, எடை, ஊர்ப் பெயர், கடன் வழக்கம் எல்லாம் அவற்றில் உண்டு. கடையை இடித்துக் கட்டும்போது அவற்றை எடைக்குப் போட்டுவிடுகிறோம். ரங்கப்பிள்ளையின் புத்தகங்களை ஒருவர் எடைக்குப் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

ஆயுத பூசைக்குக் கணக்குப் புத்தகங்களை எடுத்து, தூசி தட்டி, சந்தனம் குங்குமம் வைத்து வணங்குகிறோம். சுவடி வைத்திருந்த வீடுகளில் ஓலையைப் பிரித்துப் பார்த்துப் பூச்சி தட்டி வைக்கவும் அந்த நாள் உதவியது. இந்த ஆண்டு பூசைக்குப் புத்தகத்தை எடுக்கும்போது ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். எழுத்து மங்கியது எது, நகல் எடுக்க வேண்டியது எது என்று அன்றே ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். அடுத்த பூசைக்குள் நகல் எடுத்து முடித்துவிடலாம்.